குறியீடுகள் தனி விலை

முடிவிலியின் விலை ஒரு டீ, இரண்டு பிஸ்கட். பேசி முடித்த விலை. அதே விலைக்குப் பை, வர்க்கமூலம், டிகிரி என்று இன்னும் முந்நூற்றுச் சொச்சம் குறியீடுகள் கூடவே வந்தன. மொத்தமாக எடுத்தால் அப்படித்தான்; முடிவிலி மட்டும் ஒன்று கொடுங்கள் என்று போய் நின்றால் எவனும் மதிக்கமாட்டான். ஆனால் அதற்கு முன்பு அந்தக் குறியீடுகளை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைத்தவன் நான்தான். குறைத்ததில் என் அக்காவின் கடைசி வாய்ப்பும் சேர்ந்து குறையப் பார்த்தது.

எங்கள் அப்பா கடைத்தெருவில் ஆணி, போல்ட், கம்பி விற்கிறவர். எங்கள் வீட்டில் குழந்தைகள் முதலில் பேசுகிற சொல் 'கட்டாது'. யார் எந்த பில்லை நீட்டினாலும் அதில் ஒரு வரியாவது அடிக்காமல் பையில் கை விடக்கூடாது என்பது குடும்பச் சட்டம். எந்த வரியை அடிப்பது என்று தெரியாவிட்டால் புரியாத வரியை அடிக்க வேண்டும். ஒருமுறை டாக்டர் எழுதித் தந்த ஐந்து மாத்திரைகளில் ஒன்றை அடித்துவிட்டு அப்பா நாலு வாங்கி வந்தார். அடித்தது காய்ச்சல் மாத்திரை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அப்போதும் அவர் வருத்தப்படவில்லை. மிச்சம் நாலும் வேலை செய்ததாம், காய்ச்சல்தான் ஒத்துழைக்கவில்லையாம்.

கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. அரசு வேலைத் தேர்வுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். பேனா பிடித்த கைகளுக்கு மவுஸ் என்றால் நடுக்கம். பயம் இருக்கிற இடத்தில் கடை போடு என்பது என் சொந்தச் சட்டம். மூடப்போகிற பயண அலுவலகம் ஒன்றில் பத்துக் கம்ப்யூட்டர்களை அள்ளி வந்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'இப்போதே புறப்படுங்கள்' என்ற ஸ்டிக்கர் பிய்க்க வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மாதிரித் தேர்வு மையம் என்று பலகை மாட்டினேன். தேர்வு எழுத வருகிறவனைப் பார்த்து இயந்திரமே புறப்படச் சொல்லும் மையம் ஊரில் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வந்தது, கேள்வி வேண்டுமே. அதை விற்றவர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அதனால் அவர் கோட்டு சார். அவர் நீட்டிய பில்லில் நாலு வரி. வினா வங்கி, இரண்டாயிரம் கேள்விகள். மதிப்பெண் பலகை. கடிகாரம். கடைசியாகக் குறியீட்டுத் தொகுப்பு, தனி விலை. முதல் மூன்றும் புரிந்தன. நாலாவதில் என் பேனா தானாகப் போய் நின்றது.

"இது என்ன சார்?"

"சாதா எழுத்துல வராத குறி இருக்கில்லீங்க, கணக்குக் குறி, அளவுக் குறி, அதெல்லாம் திரையில வர்றதுக்கு. அது இல்லாட்டி சில இடத்துல கொஞ்சம் வேற மாதிரி தெரியும்."

"தெரியும்ல? அது போதும்."

அவர் மறுபேச்சில்லாமல் தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். விற்கிறவன் சிரித்தால் வாங்கினவன் வீட்டுக்குப் போய் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் எண்ணாமல் விசிலடித்துக்கொண்டு படியேறினேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசினவன் கதை எனக்கும் தெரியும். அந்த ஆள் நான்தான் என்பதுதான் தெரியவில்லை.

இனி அக்கா. அப்பா கடையில் இருபது வருடமாகத் தராசுக்குப் பின்னால் நிற்பவள். ஒரு கைப்பிடி ஆணியை அள்ளிப் பார்த்து இருநூற்றுப் பத்து கிராம் என்பாள். தராசு இருநூற்றெட்டு காட்டினால் தராசைத்தான் சந்தேகப்படுவாள். அவள் எழுத விரும்பியது எடை அளவு ஆய்வாளர் தேர்வு. எங்கள் குடும்பத்திலிருந்து ஒருத்தி தராசைச் சோதிக்கப் போகிறாள் என்ற செய்தி பரவிய அன்று கடைத்தெரு முழுக்க ஒரே இருமல். எதிர்க்கடையில் கயிறும் சங்கிலியும் அளந்து விற்கும் சித்தப்பா மட்டும் இருமவில்லை. அவருடைய மீட்டர் கோல் தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர் என்பது அக்காவுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். அவர் தண்ணீர் குடித்தார்.

பேனாவால் எழுதிய காலத்தில் அக்கா இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவது இது. இதற்கு அடுத்த தேர்வு வரும்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். தாண்டினால் விண்ணப்பமே வாங்கமாட்டார்கள். ஏன் இந்தப் பாடு என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "இருபது வருசமா தராசுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்பா. ஒரு தடவை அந்தப் பக்கம் நின்னு பாக்கணும்."

மையத்தில் சேர வந்தவள் நான் சொன்ன கட்டணத்தை அப்படியே எண்ணி மேசையில் வைத்தாள். ஒரு வரியும் அடிக்கவில்லை. எங்கள் வம்சத்தில் கேட்ட விலையைக் கொடுத்த முதல் ஆள். எனக்குக் கை கூசியது. சும்மா வா அக்கா என்றேன். படிப்புக்குப் பேரம் பேசினால் படிப்பு ஒட்டாது என்று சொல்லிவிட்டு ஏழாம் எண் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே. அதையும் அவள்தான் பார்த்து எடுத்தாள். இடம் பிடிப்பது பேரத்தில் சேராது.

முதல் நாள் பத்து நிமிடம் அமைதியாகப் போனது. பிறகு மூன்றாம் இருக்கையிலிருந்து பேக்கரி அண்ணன் கையைத் தூக்கினார். விடிகாலை எழுந்து மாவு பிசைந்து அலுத்துப்போய், அரசு வேலையென்றால் சூரியனுக்குப் பிறகு எழலாம் என்று தேர்வுக்கு வந்தவர். அவர் தொட்ட விசைப்பலகை எப்போதும் வெள்ளையாக இருக்கும். அவர் திரையில் இப்படி இருந்தது:

□81-ன் மதிப்பு என்ன? அ) 9  ஆ) □9  இ) 9□  ஈ) □

அடுத்த கேள்வியில், ஒரு பாத்திரத்தின் வெப்பம் 40□ □ 2□ என்றால் அது எதற்கு □ என்று கேட்டிருந்தது. எந்தக் குறி வரவேண்டிய இடமாக இருந்தாலும் ஒரே மாதிரி காலிப் பெட்டி. பத்துத் திரையிலும் பெட்டி. எனக்கு உள்ளுக்குள் கோட்டு சாரின் சிரிப்பு கேட்டது.

ஒன்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கில் ஓட்டை இருந்தால் அதைக் காற்றோட்டம் என்று விற்பவன் பரம்பரை நான். வாய் தானாகத் திறந்தது. இது பெட்டி முறைப் பயிற்சி என்றேன். மூட்டை தூக்கி ஓடிப் பழகினவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடினால் எப்படிப் பறப்பான்? அதுபோலக் குறியே இல்லாமல் கணக்குப் போடப் பழகினால், தேர்வில் குறியோடு வரும்போது நீங்கள் பறப்பீர்கள். வேறெந்த மையத்திலும் இது கிடையாது. கடைசி வாக்கியம் மட்டும் சத்தியம்.

பேக்கரி அண்ணன் தலையாட்டிவிட்டு மரியாதையாகப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா மட்டும் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இருபது வருடம் தராசு முள்ளைப் பார்த்த கண். பிறகு அவளும் திரும்பிக்கொண்டாள். ஆணியில் பொய் சொல்வான், படிப்பில் சொல்லமாட்டான் என்று தம்பியை எடை போட்டிருக்கிறாள். அந்த ஒரு எடைதான் அவள் தப்பாகப் போட்டது.

அன்றே கோட்டு சாருக்குப் போன் போட்டேன். அந்த நாலாவது வரியைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவர், அன்றைக்குச் சேர்த்து எடுத்திருந்தால் அந்த விலை, இன்றைக்குத் தனியாக எடுத்தால் இரண்டு மடங்கு என்றார். நான் பாதி சொன்னேன். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால் அடுத்த நிமிடம் பிரச்சினை முடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் நாக்கு கேட்டால்தானே. தினமும் காலை பத்து மணிக்கு அவர் ஒரு படி இறங்குவார், நான் ஒரு படி ஏறுவேன். ஒன்பதாம் நாள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு டீக் காசு. அந்த ஒரு டீயில் நாங்கள் பன்னிரண்டு நாள் நின்றோம். அவர் பரம்பரையும் என்னுடையது போலத்தான் போலிருக்கிறது.

இந்தப் பக்கம் பேரம் நடக்க, அந்தப் பக்கம் அக்கா பெட்டியை வசப்படுத்திவிட்டாள். முதல் தேர்வில் அவள் நூற்றுக்கு நாற்பத்தொன்று. தேர்ச்சிக்கு அறுபத்தைந்து வேண்டும். இரண்டாவதில் ஐம்பத்திரண்டு. பிறகு அறுபத்து மூன்று. மூன்றாம் வாரம் எழுபத்தொன்று. எப்படி என்று பேக்கரி அண்ணன் கேட்க, மற்றவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஏழாம் இருக்கையைச் சூழ்ந்தார்கள்.

"நாலு விடையும் நாலு கடைக்காரன்னு வெச்சுக்கோங்க," என்றாள் அக்கா. "ரொம்ப அதிகம் சொல்றவன் பேராசைக்காரன், அவனை விடுங்க. ரொம்பக் கம்மி சொல்றவன் மட்டமான சரக்கு, அவனையும் விடுங்க. மிச்சம் ரெண்டு பேர். அதுல பெட்டி கம்மியா வெச்சிருக்கிறவன் யோக்கியன்."

கேள்வி தயாரித்தவனும் எங்கேயோ ஒரு கடைத்தெருவில் பிறந்தவன்தான் போலும். பாதிக்கு மேல் அது பலித்தது. சட்டப் பகுதியில் பெட்டியே கிடையாது, அதில் அவள் பேரம் பேசாமலே முழு மதிப்பெண் எடுத்தாள். சீக்கிரமே மையத்தில் பெட்டிக்கு ஒரு தனி இலக்கணம் உருவாயிற்று. இரண்டு பெட்டி சேர்ந்து வந்தால் பெரிய சங்கதி. எண்ணுக்கு முன்னால் பெட்டி வந்தால் பாரம், பின்னால் வந்தால் மிச்சம். பேக்கரி அண்ணன் ரொட்டிப் பெட்டிகளை அடுக்கும்போதுகூட விடை தெரிகிறது என்றார். பெட்டி முறையில் சேர வேண்டும் என்று புதிதாக நாலு பேர் வந்து விசாரித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நான் உண்மையைத்தான் சொன்னேனோ என்று.

உண்மையான தேர்வு இரண்டு கட்டமாக நடந்தது. பேக்கரி அண்ணனுக்கு முதல் கட்டம். அக்காவுக்கு ஆறு நாள் கழித்து இரண்டாம் கட்டம். முதல் கட்டம் முடிந்த மறுநாள் பிற்பகல் அண்ணன் மாடியேறி வந்தார். கையில் மாவு இல்லை. 

"தம்பி, அங்க ஒரு பெட்டிகூட இல்ல," என்றார்.

பிறகு நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அறையே நாற்காலி நுனிக்கு வந்தது. முதல் கணக்கிலேயே ஒரு விடைக்கு முன்னால் டிக் அடித்திருந்ததாம். கம்ப்யூட்டரே சரி என்று குறித்துவிட்டது, நாம் எதற்குத் தலையை உடைத்துக்கொள்வது என்று அதையே அழுத்தியிருக்கிறார். அப்படி எங்கெல்லாம் டிக் இருந்ததோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறார். அது வர்க்கமூலக் குறி. முப்பதுக்கு மேலே சின்னதாக ஒரு சுழியைப் பார்த்து, இடம் போதாமல் மேலே ஏற்றிவிட்டார்கள் என்று முந்நூறு எனப் படித்திருக்கிறார். அது டிகிரி. படுத்துக்கிடந்த எட்டைப் பார்த்து, யாரோ திரையைச் சாய்த்துவிட்டார்கள் என்று கழுத்தைச் சாய்த்துப் படித்திருக்கிறார். ஓர் இடத்தில் சமக்குறியின் மேல் குறுக்காகக் கோடு போட்டிருந்ததாம். கேள்வியையே அடித்துவிட்டார்கள் என்று அதை விட்டுவிட்டார். அப்படி அடித்த கேள்வி ஏழு.

"எவ்வளவு வந்துச்சு அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருபத்தொம்போது. வெளிய வரும்போதே சீட்டு குடுத்துட்டாங்க. அதுல பத்து, கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினது. திறந்து அழுத்தினதைவிட அதுதான் நல்லா வந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அதாவது, முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தேர்வு தேதியை நினைத்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பள்ளியில் படித்த குறிதானே என்று நீங்கள் கேட்கலாம். பேக்கரி அண்ணன் பள்ளியை விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அக்கா விட்டு இருபத்து மூன்று. தவறிய அந்த இரண்டு தேர்வை விட்டால், இடையில் அவள் பார்த்த குறிகள் இரண்டுதான், கூட்டலும் கழித்தலும். சித்தப்பா கடையில் கழித்தல் மட்டும்.

அக்கா எழுந்து என் மேசைக்கு வந்தாள்.  படிக்கட்டுக்கு வா என்று கண்ணால் சொன்னாள். படிக்கட்டில் நான் அத்தனையையும் கொட்டினேன். பில், நாலாவது வரி, என் பேனா, அவர் சிரிப்பு, ஒரு டீயில் நிற்கும் பேரம், எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். 

"அடிக்கிறதுதான் அடிச்ச, கடிகாரத்தை அடிச்சிருக்கலாம்ல. சுவத்துல ஒண்ணு சும்மாத்தானே தொங்குது."

"தோணல அக்கா."

"அதான் உன்னைக் கல்லாவுல உக்கார வெக்கல." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "டேய், எனக்கு இதுக்கப்புறம் வருசம் இல்லடா. உனக்கே தெரியும்."

தெரியும். தெரிந்துதான் ஒரு டீக்காகப் பன்னிரண்டு நாள் நின்றேன். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போதே போய் அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பில்லை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். தன் நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

கோட்டு சாரின் அலுவலகம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் ஏ.சி. கோட்டின் ரகசியம் அங்கேதான் தெரிந்தது. அறை பனிக்கட்டியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பில்லை மேசையில் விரித்து, எங்கள் கடையில் ஆணிப் பொட்டலத்தைத் தள்ளுவது போல அவர் பக்கம் தள்ளினாள்.

"முதல் வரியைப் படிங்க சார்."

"வினா வங்கி. ரெண்டாயிரம் கேள்வி."

"நீங்க குடுத்தது ஆயிரத்து முந்நூத்து எம்பத்தெட்டு. மிச்சம் அறுநூத்துப் பன்னெண்டுல பெட்டிதான் இருக்கு. நான் எண்ணி வெச்சிருக்கேன்." நோட்டைத் திறந்தாள். பெட்டி வந்த ஒவ்வொரு கேள்வி எண்ணையும் அவள் வரிசையாக எழுதிவைத்திருந்தாள். ஏன் எழுதினாள் என்று பிற்பாடு கேட்டேன். கையில் வாங்கின எதையும் எண்ணாமல் வைத்துப் பழக்கமில்லையாம்.

கோட்டு சார் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த வரியை அடித்தது உங்கள் தம்பிதானே என்றார். நியாயமான கேள்வி. நான் தரையைப் பார்த்தேன்.

"அவன் அடிச்சது நாலாவது வரியை. ரெண்டாயிரம்னு சொல்ற முதல் வரி அப்படியே நிக்குது பாருங்க. பில்லுல ஒரு கிலோன்னு எழுதி அறுநூத்தம்பது, எழுநூறு கிராம் குடுத்தா அதுக்குப் பேர் எடைக்குறைவு. வாங்கினவன் முட்டாள்ங்கிறது விக்கிறவனுக்குத் தள்ளுபடி ஆகாது. அது எங்க பாடத்துல நாலாவது அத்தியாயம். உங்க வினா வங்கியிலதான் படிச்சேன், அதுல பெட்டி இல்ல."

முட்டாள் என்றது என்னைத்தான். அந்த நேரத்தில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு மாட்டினார். சட்டம் தேர்வுக்குத்தான், கடைக்கு அல்ல என்று ஏதோ ஆரம்பித்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் இன்னும் ஆய்வாளர் ஆகவில்லை என்றும், அதற்கு அஞ்சு நாள் இருக்கிறது என்றும், ஆனால் முதலில் எந்தக் கடைக்குப் போவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னாள். உண்மையில் முடிவு செய்துவிட்டாள், அது சித்தப்பா கடை. அதை அவள் சொல்லவில்லை.

"சும்மா குடுத்தா என் தொழிலுக்கு மரியாதை இல்லம்மா," என்றார் கோட்டு சார் கடைசியாக. "பேருக்கு ஒரு விலை சொல்லுங்க."

"ஒரு டீ."

"பிஸ்கட்டும்."

"ஒண்ணு."

"ரெண்டு."

அக்கா கைநீட்டினாள். அவரும் நீட்டினார். கீழே டீக்கடைக்கு ஓடினது நான். அப்படித்தான் முடிவிலிக்கு விலை படிந்தது. எனக்கு ஆறாதது ஒன்றுதான்: பன்னிரண்டு நாள் நான் முட்டிக்கொண்டு நின்ற அதே டீ.

மறுநாள் பத்துத் திரையிலும் குறிகள் வந்து உட்கார்ந்தன. அக்கா ஒரு மாதிரித் தேர்வு எழுதினாள். நாற்பத்து நாலு. எழுபத்தொன்றிலிருந்து நாற்பத்து நாலு. பெட்டி இருந்தபோது எல்லோரும் ஒரே முகத்தோடு நின்றார்கள், பேரம் பேச வசதியாக இருந்தது; இப்போது ஆளுக்கொரு முகம், யார் யாரென்றே தெரியவில்லை என்றாள். அந்த மதியம் அவள் சாப்பிடவில்லை. கீழே தராசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வாடிக்கையாளர் யாரும் இல்லாமலே எடைக்கற்களைச் சின்னது பெரியது என்று அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள்.  

மாலையில் நோட்டோடு மேலே வந்தாள். ஒவ்வொரு குறிக்கும் கடைத்தெருவிலிருந்து ஆள் பிடித்துவிட்டாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ≥ என்ற குறிக்கு நேராக 'கறார் விலை, இதுக்குக் கீழே இல்லை' என்று எழுதியிருந்தது. ≤ என்பது வாடிக்கையாளர், இதுக்கு மேலே கையில் இல்லை. ± என்பது சித்தப்பாவின் கோல். ≈ என்பது அப்பா சொல்லும் தன் வயது. π என்பது கடை வாசலில் கிடக்கும் பெஞ்சு, சுற்றிச் சுற்றி வந்து அதில்தானே உட்காருகிறோம். ≠ என்பது பில்லும் சரக்கும். ∞ என்பது சித்தப்பா பழைய பாக்கியைத் தருவதாகச் சொன்ன தேதி. வர்க்கமூலத்துக்கு நேராக 'டிக் இல்லை. பாவம் பேக்கரி' என்று மட்டும் இருந்தது.

அடுத்த நாள் நாற்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் ஐம்பத்தேழு. தேர்வுக்கு முதல் நாள் அறுபத்து மூன்று. இரண்டு குறைந்தது. நான் ஆறுதலாக ஏதோ சொல்லப்போனேன். இரண்டுதானே, நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

தேர்வு நாளன்று நான் வாசலில் காத்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் கேட் காவலரிடம் அவருடைய சைக்கிளுக்கு நான்கு முறை விலை கேட்டுவிட்டேன். பதற்றம் வந்தால் என் நாக்கு அப்படித்தான். நான்காவது முறை அவர் விலை சொல்லிவிட்டார், நல்ல வேளையாக அக்கா வெளியே வந்தாள். கையில் மதிப்பெண் சீட்டு. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இருபது வருடப் பழக்கம்.

"நாப்பத்து மூணாவது கேள்வியில ஒரு பெட்டி வந்துச்சுடா."

நான் சீட்டுக்குக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

எல்லாக் குறியும் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு காலிப் பெட்டி, பக்கத்தில் ஐந்து என்ற எண். அக்கா விடுவாளா. கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, உங்கள் மென்பொருளில் குறியீட்டுத் தொகுப்பு இல்லை, யாரோ பில்லில் அந்த வரியை அடித்திருக்கிறார்கள் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டாமவரும் குனிந்து பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து மெதுவாகச் சொன்னார்களாம்: "அம்மா, இது சதுரம். பக்கம் அஞ்சு. பரப்பு கேக்குறாங்க."

நாலு நிமிடம் போச்சு. கடைசியில் இரண்டு கேள்வியைத் தொட நேரமில்லை. ஆனால் அந்தச் சதுரத்துக்கு இருபத்தைந்து என்று சரியாகப் போட்டுவிட்டாள்.

வீட்டில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை இரண்டு முறை படித்தார். எவ்வளவு வேண்டும், எவ்வளவு வந்தது என்று கேட்டார். சொன்னோம். "கேட்ட விலைக்கு மேல ஒண்ணுகூடக் குடுக்கல," என்றார். அவர் அக்காவைப் புகழ்ந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான். எதிர்க்கடையில் சித்தப்பா அன்றைக்கே புது மீட்டர் கோல் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பழையதைப் பாதி விலைக்கு எங்களுக்கே தருவதாகச் சொல்லி அனுப்பினாராம்.

பேக்கரி அண்ணனுக்கு வயது இருக்கிறது. அடுத்த வருடம் எழுதலாம். அதுவரை மூன்றாம் இருக்கை அவருக்குத்தான், கட்டணம் கிடையாது. அவர் பேரம் பேசவில்லை, நானாகத்தான் சொன்னேன். எங்கள் வம்சத்தில் பேரமில்லாமல் ஒன்று முடிவது இது இரண்டாவது முறை. மதிப்பெண் சீட்டின் பின்பக்கம் அக்கா போட்ட கணக்கு இது:

சட்டம், நாற்பதுக்கு முப்பத்தெட்டு.
எடையும் அளவும், முப்பதுக்குப் பதினாறு.
கணக்கு, முப்பதுக்குப் பதினொன்று. இதில் பெட்டி ஒன்று.
வரவு அறுபத்தைந்து. தேவை அறுபத்தைந்து. அக்கா கணக்கு நேர்.
தம்பி கணக்கில் பாக்கி: பேக்கரி அண்ணனுக்கு ஒரு வருடம்.